40 வருஷ பழைய லீமா பொம்மை ரயில் இஞ்சின்: மோட்டார் மாத்தறதா, உள்ளதையே சரி பண்றதா?

உப்புக்காத்து (குருசுக்குப்பம், புதுச்சேரி):

எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னிக்குதான் முதல் தடவ எழுதறேன். எங்க பெரியப்பா சொல்தா. ஃப்ரெஞ்சு பட்டாளத்துல இருந்து ரிட்டையர் ஆகி ஊருக்கு வந்தப்ப துணிமணியோட ஒரு ரயில் செட்டும் பெட்டியில வந்துச்சு, லீமா, இத்தாலில செஞ்சது, எச்ஓ சைஸ் (நிஜ வண்டில 87ல ஒரு பங்கு), பச்சை கலர் ஃப்ரெஞ்சு எலக்ட்ரிக் இஞ்சின் ஒண்ணு, கோச் மூணு, வட்டமா கோத்து போடற தண்டவாளம், ஒரு கறுப்பு ட்ரான்ஸ்ஃபார்மர். சின்ன வயசுல எங்களுக்கு வருஷத்துல ரெண்டே நாள்தான் அதுகிட்ட போக பர்மிஷன், பொங்கலுக்கு ஒரு நாள், அப்புறம் ஜூலை 14 அன்னிக்கு பீச் ரோட்டுல பரேடு முடிச்சு மெடலோட வீட்டுக்கு வந்து அவரே எடுத்து ஓட்டிக் காட்டுவார், நாங்க கைய கட்டிட்டு சுத்தி உக்காந்து பாக்கணும்.

இப்ப அவருக்கு எண்பத்தி நாலு. போன மாசம் பரண சுத்தம் பண்றப்ப பெட்டி கிடைச்சுது, ஓட்டுடான்னார். ஓட்டினா முக்கால்வாசி திருகற வரைக்கும் ம்ம்ம்னு உறுமிட்டு நிக்குது, ஒரு விரல்ல தள்ளி விட்டா சடார்னு பாஞ்சு வளைவுல போய் கவுந்துடுது. சத்தம் பழைய மிக்ஸில கொப்பரை தேங்கா போட்ட மாதிரி. அஞ்சு நிமிஷத்துல சூடாகி ஒரு வாடை வருது, நிறுத்திட்டேன்.

யூட்யூப்ல பாத்தா எல்லாரும் சிடி ப்ளேயர் மோட்டார தூக்கி உள்ள வெக்கறாங்க. ஒருத்தர் மோட்டார் போகியே (மோட்டாரும் சக்கரமும் சேந்த அடிப்பகுதி) முழுசா வாங்கி மாத்துங்கன்றார், அந்த விலைக்கு இன்னொரு பழைய இஞ்சினே வாங்கிடலாம் போல. என்ன பண்றது? எனக்கு சால்டரிங் ஓரளவு வரும், மல்டிமீட்டர் இருக்கு.

இன்னொண்ணும் சொல்லிடறேன், திட்டாதீங்க. தண்டவாளம் கறுத்து கிடந்துச்சுன்னு பெரியம்மா குத்துவிளக்கு தேய்க்கற மாதிரி புளி போட்டு தேய்ச்சு வெயில்ல காய வெச்சிட்டாங்க. மறுநாள் முழுக்க செம்பழுப்பா துரு.

ஓ.டி. பாசஞ்சர் (கடலூர் ஓ.டி.):

தம்பி, மோட்டார் வாங்கறத ஒரு வாரம் தள்ளிப் போடுங்க. நான் ரயில்வேக்காரன் இல்ல, டைப்ரைட்டர் மெக்கானிக், முப்பது வருஷம் அதே வேல, ஓடாத மெஷின்னு எங்கிட்ட வந்ததுல பாதிக்கு மேல உடைஞ்சது இல்ல, யாரோ எண்ணெய் ஊத்தினது. உங்க இஞ்சின்லயும் யாரோ தேங்கா எண்ணெய் விட்டிருப்பாங்கன்னு அடிச்சு சொல்றேன். ஆரம்பத்துல ஜோரா ஓடும், ரெண்டு வருஷத்துல அது மெழுகு மாதிரி இறுகி பல்சக்கரத்த புடிச்சுக்கும்.

பெரியம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க. பித்தளைக்கு புளி சரிதான். உங்க தண்டவாளம் இரும்பு, காந்தம் வெச்சா ஒட்டும் பாருங்க. இரும்புல புளிச்சாறு பட்டு, அதுக்கு மேல குருசுக்குப்பம் கடக்காத்தும் பட்டா துரு வராம என்ன வரும். பென்சில் அழிக்கற ரப்பரால தேய்ங்க, உப்புத்தாள் மட்டும் வேணாம், கீறல் விழுந்தா அந்த கீறல்லயே அழுக்கு போய் உக்காரும். அப்புறம் ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) தொட்டு துணியில தொடைங்க, மொபைல் ரிப்பேர் கடையில கேட்டா குடுப்பாங்க.

இப்ப மோட்டார். லீமால அந்த காலத்துல வந்தது தட்டையா வட்டமா இருக்கும், வெள்ளக்காரன் பேன்கேக்னு சொல்றான், நாங்க தோசை மோட்டார்னு சொல்லுவோம். பின்னாடி மூடிய கழட்டினா கரண்ட் குடுக்கற கார்பன் கட்டி ரெண்டும் ஸ்ப்ரிங்கோட குதிச்சு ஓடும், அதனால ஒரு பாலித்தீன் கவருக்குள்ள கைய விட்டு கழட்டுங்க, தரையில தேடினா கிடைக்காது. உள்ள இருக்கற கம்யூட்டேட்டர், அதாவது கார்பன் உரசி காயிலுக்கு கரண்ட் போற இடம், உருளை மாதிரி இருக்காது, காசு மாதிரி தட்டையா மூணு துண்டா பிரிஞ்சிருக்கும். அந்த மூணுக்கும் நடுவுல இருக்கற சந்துல கார்பன் பொடியும் எண்ணெயும் கலந்து மை மாதிரி அடைச்சிருக்கும், உங்க சூட்டுக்கும் வாடைக்கும் முக்கால்வாசி காரணம் அதான், கரண்ட் காயில் வழியா போகாம அந்த மை வழியாவே குறுக்க போயிடும். பல் குத்தற குச்சிய ஐபிஏல நனைச்சு சந்த சுரண்டி எடுங்க. குண்டூசி வேணாம்.

பெட்ரோல், தின்னர், அக்கா நெயில் பாலிஷ் அழிக்கறது, இது எதுவும் பிளாஸ்டிக் பக்கம் போகக் கூடாது, பாடி உருகி வழிஞ்சிடும். காஞ்சதும் ஷாஃப்ட் ரெண்டு முனையிலயும் தையல் மெஷின் எண்ணெய், ஊசி முனையில தொட்டு வெச்ச அளவுதான். கம்யூட்டேட்டர் மேல ஒரு பொட்டு கூட ஆகாது.

அப்புறம் அந்த ட்ரான்ஸ்ஃபார்மர். ஃப்ரான்ஸ்ல அப்ப 220 வோல்ட், நம்ம ஊர்ல 230, ஹெர்ட்ஸும் அதே 50, அதனால ஓடும். ஆனா 40 வருஷ ஒயர், அதுவும் பரண்ல எலி இருந்திருக்கும். மொதல்ல ஒயர பாருங்க. சந்தேகம்னா அத தொடவே வேணாம், 12 வோல்ட் டிசி அடாப்டர் போதும்.

12வோல்ட் (லாஸ்பேட்டை):

ப்ரோ, பெரியவர் சொல்ற க்ளீனிங் எல்லாம் கரெக்ட்தான், ஆனா அத பண்ணாலும் கடைசில உங்க கைல இருக்கப்போறது மூணே காயில் இருக்கற தோசை மோட்டார்தான். நான் ரெண்டு லீமா மாத்திட்டேன். பழைய டிவிடி ப்ளேயர்ல தட்டு வெளிய தள்ற மோட்டார் இருக்கே, 24 மி.மீ விட்டம், 12 மி.மீ தடிமன், 2 மி.மீ ஷாஃப்ட், தோசை மோட்டார எடுத்த குழில அழகா உக்காரும். காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல செத்துப்போன ப்ளேயர் ஒண்ணு நூறு ரூபாக்கு வாங்கினேன், உள்ள இருந்த மோட்டார் மட்டும் உயிரோட இருந்துச்சு. ஓடும்போது 60, 70 மில்லியாம்பியர்தான் எடுக்குது. என்னோட பழைய லீமா மோட்டார் க்ளீன் பண்ண பிறகும் 350க்கு கீழ வரல.

செய்யறது இப்படி. பழைய ஆர்மேச்சர் (காயிலோட உள்ள சுத்தற பாகம்) ஷாஃப்ட்ல இருக்கற குட்டி பல்சக்கரத்த கழட்டி புது மோட்டார்ல ஏத்தணும், ஏத்தறதுக்கு முன்னாடி ஓட்டை அளவ வெர்னியர்ல பாத்துக்கோங்க, இறுக்கமா இல்லன்னா சுத்திக்கிட்டே வழுக்கும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல ஒரு சிகரெட் தாள் போற அளவு இடைவெளி விட்டு ரெண்டு பாட்டில் அரால்டைட் வெச்சு ஒட்டுங்க. இன்ஸ்டன்ட் பசை வேணவே வேணாம், நான் மொதல் தடவ அதத்தான் வெச்சேன், பேரிங்குக்குள்ள இறங்கி மோட்டாரே கல்லாயிடுச்சு.

ஒரே பிரச்சன, இந்த மோட்டாரெல்லாம் அஞ்சாறு வோல்ட்டுக்கு செஞ்சது. 12 குடுத்தா ராக்கெட். அதனால சீரிஸ்ல 33 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒண்ணு போட்டுடுங்க.

ஓ.டி. பாசஞ்சர்:

லாஸ்பேட்டை தம்பி சொல்றது நடக்கற வேலதான், மறுக்கல. ஆனா பெரியப்பா பட்டாளத்துல இருந்து தூக்கிட்டு வந்த சாமான்ல ஆர்மேச்சர உடைச்சு பல்சக்கரம் புடுங்கறதுன்னா, அப்புறம் திரும்பி வர வழி இல்ல. மொதல்ல அளந்து பாருங்கன்றேன், அவ்வளவுதான். மல்டிமீட்டர ஓம்ல வெச்சு அந்த மூணு துண்டுல ரெண்டு ரெண்டா தொட்டு மூணு ரீடிங் எடுத்து போடுங்க.

இன்னொரு விஷயம், ராக்கெட்னு சொன்னாரு பாருங்க. வேகத்த கண்ணால பாத்து முடிவு பண்ணாதீங்க. எச்ஓன்னா 87ல ஒரு பங்கு. நிஜ வண்டி மணிக்கு 100 கி.மீ போனா அது செகண்டுக்கு 27.8 மீட்டர், 87ஆல வகுத்தா 32 சென்டிமீட்டர். அதாவது ஒரு மீட்டர் தண்டவாளத்த மூணு செகண்ட்ல கடந்தா அதுதான் 100. ஒரு செகண்ட்ல கடந்தா 300 கி.மீ வேகத்துல போகுதுன்னு அர்த்தம், அந்த வேகத்துல வளைவுல கவுறாம என்ன செய்யும்.

மீட்டர்கேஜ் (விழுப்புரம்):

நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். கேள்விக்கு சம்பந்தமே இல்ல, ஓ.டி. அண்ணன் பேர பாத்ததும் எழுதத் தோணுச்சு. விழுப்புரத்துல இருந்து புதுச்சேரிக்கு 1879ல போட்ட மீட்டர் கேஜ் 2004ல அகலமாச்சு, உங்க கடலூர் பக்கம் 2010ல. அந்த மீட்டர் கேஜ எச்ஓ அளவுல செய்யணும்னா 1000ஐ 87ஆல வகுக்கணும், பதினொன்றரை வரும், 12 மி.மீ பாதைனு விக்கறாங்க. ஆனா இப்ப இருக்கற நம்ம பிராட் கேஜ் 1676, அத வகுத்தா 19 மி.மீ சொச்சம், அதுக்கு ரெடிமேடா பாதையே கிடையாது, எல்லாரும் எச்ஓவோட வழக்கமான 16.5 மி.மீ பாதையிலயே ஓட்டிட்டு அகலம்னு மனச தேத்திக்கறோம். விழுப்புரம் புதுச்சேரி 38 கி.மீ, சின்னதாக்கினா 440 மீட்டர் கூட வராது, பீச் ரோட்டுலயே போட்டுடலாம். சரி, நீங்க மோட்டார பேசுங்க.

உப்புக்காத்து:

அண்ணே, நீங்க அடிச்சு சொன்னது நெசம், தேங்கா எண்ணெய்தான், பெரியப்பாவே ஒத்துக்கிட்டார். "அப்ப வீட்ல அதான் இருந்துச்சுடா"ன்னார். பல்சக்கரத்துல இருந்து சுரண்டி எடுத்தது ஒரு சின்ன உருண்டை, மஞ்சளா, நாத்தம் வேற.

கவருக்குள்ள கைய விட்டு கழட்டினேன், ஒரு ஸ்ப்ரிங் கவருக்குள்ளயே எகிறி விழுந்துச்சு, கும்பிடு போட்டுக்கறேன். சந்து மூணும் க்ளீன் பண்ணியாச்சு. ரீடிங் மூணு தடவ எடுத்தேன், மாறவே இல்ல:

ஒண்ணு ரெண்டு 14.9 ஓம்
ரெண்டு மூணு 15.1
மூணு ஒண்ணு 30.2

மூணாவது மட்டும் ஏன் ரெண்டு மடங்கு? காயில் எரிஞ்சு போச்சா? அப்ப சிடி மோட்டார்தானா? ஆர்மேச்சர வெளிய எடுத்தா காந்தம் வலு போயிடும்னு எங்கயோ படிச்சேன், எடுத்து மூணு நாளா மேசை மேல கெடக்குது, அதுவும் பயமா இருக்கு.

காயில்கடை (மஞ்சக்குப்பம்):

நான் ஃபேன், மிக்ஸி, பம்ப் மோட்டார் காயில் கட்டறவன். ரயில் ஒண்ணும் தெரியாது, எம்பையன் இந்த பக்கத்த காட்டினான், ரீடிங்க பாத்ததும் சிரிப்பு வந்துச்சு, இவ்வளவு சுத்தமான கேஸ் கடைக்கு வர்றதே இல்ல.

எரியல தம்பி. மூணு காயிலும் முக்கோணமா கோத்திருக்கும், ஒவ்வொரு துண்டுலயும் ரெண்டு காயில் முனை சேரும். நல்லா இருந்தா எந்த ரெண்ட தொட்டாலும் ஒரே ரீடிங் வரும், ஒரு காயில் ஒரு பக்கம், மீதி ரெண்டும் சேந்து இன்னொரு பக்கம்னு கரண்ட் ரெண்டு வழியா போறதால. உங்களுக்கு ஒவ்வொரு காயிலும் 15 ஓம்னா எல்லா இடத்துலயும் 10 காட்டியிருக்கணும். ஒரு காயில் அறுந்துட்டா அந்த ரெண்டாவது வழி அடைபட்டு போகும். அறுந்த காயில் இருக்கற இடத்துல மீதி ரெண்டும் வரிசையா நின்னு 30 காட்டும், மத்த ரெண்டு இடத்துலயும் தனித்தனி காயில் 15 காட்டும். உங்க கணக்கு அப்படியே இதுதான். எரிஞ்சு ஒட்டிக்கிட்டா ரீடிங் குறையும், ஏறாது. அதனால இது அறுந்தது, மூணாவது துண்டுக்கும் ஒண்ணாவது துண்டுக்கும் நடுவுல இருக்கற காயில்.

தள்ளி விட்டா ஓடுதுன்னீங்களே, அதுக்கும் இதான் காரணம். மூணுல ஒண்ணு செத்தா ஒரு நிலையில நின்னுட்டா இழுக்க ஆளில்ல, கை குடுத்தா சுத்த ஆரம்பிச்சிடும், அப்புறம் மீதி ரெண்டும் மூணாவதோட வேலையும் சேத்து பாத்து சூடாகும்.

எங்க அறுந்திருக்கும்? நூத்துக்கு தொண்ணூறு, சுத்தின இடத்துல இல்ல, காயில் முனை வந்து துண்டோட காதுல சேர்ற இடத்துல. கடலோர ஊர்னா சொல்லவே வேணாம், ஃபேன்லயும் அங்கதான் பச்சைக் களிம்பு புடிச்சு தின்னும். லென்ஸ் வெச்சு பாருங்க. முனை கையில கிடைச்சா பொழச்சீங்க. ப்ளேடு பின்பக்கத்தால வார்னிஷ லேசா வழிங்க, தலைமுடி மாதிரி கம்பி, அழுத்தினா போச்சு. 25 வாட் சால்டரிங் அயர்ன், கூர் முனை, ரெண்டு செகண்டுக்கு மேல வெக்காதீங்க, துண்டுகள புடிச்சிருக்கறது பிளாஸ்டிக். டப்பால வர்ற ஆசிட் பேஸ்ட் வெச்சு ஊதினா அடுத்த வருஷம் அதே இடத்துல களிம்பு வரும், ரோசின் இருக்கற ஈயக் கம்பியே போதும். முடிஞ்சதும் துண்டு மேல ஈயம் மேடு தட்டக் கூடாது, கார்பன் அங்கதான் ஓடும்.

கிடைக்கலன்னா கொண்டு வாங்க, நல்லா இருக்கற காயில்ல சுத்து எண்ணி அதே மாதிரி ஒண்ணு சுத்திக் குடுத்துடலாம். இத்துணூண்டு சாமானுக்கு காசு எதுக்கு.

காந்தம் பத்தி: அல்நிகோ காந்தம் வெச்ச ரொம்ப பழைய மோட்டார்லதான் ஆர்மேச்சர எடுத்தா வலு குறையும், அதுல எடுக்கற முன்னாடி இரும்புத் துண்டு ஒண்ண குறுக்க வெக்கணும். உங்களது கறுப்பா, சட்டி ஓடு மாதிரி இருந்தா ஃபெரைட், அதுக்கு மேசை மேல மூணு மாசம் இருந்தாலும் ஒண்ணும் ஆகாது.

12வோல்ட்:

அண்ணா சூப்பர். இத நான் பண்ணவே இல்ல, ரெண்டு ஆர்மேச்சர் தூக்கி போட்டிருக்கேன், இப்ப வயித்தெரிச்சலா இருக்கு.

உப்புக்காத்து:

கிடைச்சுது!! காதுல இருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி முனை தொங்கிட்டு இருந்துச்சு, சுத்தி பச்சையா. அயர்ன் வெக்கறப்ப கை நடுங்குச்சு, மொதல் தடவ ஒட்டல, ரெண்டாவது தடவ புடிச்சுக்கிச்சு. இப்ப மூணு பக்கமும் 10.0, 10.1, 10.1. காயில்கடை அண்ணன் சொன்ன அதே பத்து.

நேத்து சாயங்காலம் திண்ணையில வட்டம் போட்டு ஓட்டினோம். சூடு இல்ல, வாடை இல்ல, அர மணி நேரம் ஓடுச்சு. பெரியப்பா நாற்காலிய இழுத்து போட்டு உக்காந்துட்டார், லிசேல (ஃப்ரெஞ்சு ஸ்கூல்) படிக்கற பேத்திய கூப்ட்டு கோச்சுல இருந்த எழுத்தெல்லாம் படிக்க சொன்னார்.

ஆனா திருப்தியா இல்லண்ணே. மெதுவா போக மாட்டேங்குது. மெதுவா விட்டா நாலு இடத்துல சட்டுனு நின்னுடுது, விரல்ல தொட்டா போகுது. நீங்க சொன்ன மாதிரி ஒரு மீட்டர் அளந்து பாத்தேன், நிக்காம போகற குறைஞ்ச வேகத்துலயே ரெண்டரை செகண்ட். அதுவே 125 கி.மீ வருது. ஸ்டேஷன்ல இருந்து அந்த வேகத்துலயா கிளம்பும்? இப்பவாவது சிடி மோட்டார் போடலாமா?

12வோல்ட்:

ப்ரோ நானே சொல்றேன், இப்ப வேணாம். நிக்கற இடம் நாலும் ஒரே இடமா இருக்கா? அப்படின்னா மோட்டார் மேல தப்பில்ல, கரண்ட் வரல. லீமால என்ன பண்ணியிருக்கான்னா, மோட்டார் இருக்கற போகி ஒரு தண்டவாளத்துல இருந்து மட்டும் கரண்ட் எடுக்கும், இன்னொரு போகி மத்த தண்டவாளத்துல இருந்து. மோட்டார் போகில அந்த பக்கம் ரப்பர் டயர் போட்ட சக்கரம், அது எடுக்காது. ஆக ஒரு பக்கத்துக்கு ரெண்டே சக்கரம், அதுல ஒண்ணு துருல ஏறி இன்னொண்ணு ஜாயின்ட்ல தூக்கினா வண்டி அனாதை. இதுல எவ்வளவு நல்ல மோட்டார் வெச்சாலும் அதே இடத்துலதான் நிக்கும். சொல்லப்போனா சிடி மோட்டார் போட்ட என் இஞ்சின் இதவிட மோசமா நின்னுச்சு, பழசுல கனமான ஆர்மேச்சர் சுத்தற வேகத்துல தாண்டிடும், புதுசு லேசு, சட்டுனு நின்னுடும். அத நான் மொதல் பதிவுல சொல்லல, ஒத்துக்கறேன்.

வேல என்னன்னா, பின் போகில சும்மா இருக்கற பக்க சக்கரத்துலயும் பட்டை வெச்சு கரண்ட் எடுக்கணும். பழைய ரிலே உள்ள காண்டாக்ட் பட்டை இருக்கும், பாஸ்பர் பிரான்ஸ், மெல்லிசா ஸ்ப்ரிங் மாதிரி, அத ரெண்டு மி.மீ அகலத்துக்கு வெட்டி சக்கரத்து உள்பக்கம் லேசா உரசற மாதிரி ஒட்டுங்க. லேசான்னா லேசாதான், அழுத்தினா ப்ரேக் ஆயிடும். சக்கரம் ரெண்டு பக்கமும் மெட்டலா, ஆக்சில்ல ஒரு பக்கம் இன்சுலேஷன் இருக்கானு மீட்டர் வெச்சு பாத்துக்கிட்டு ஒட்டுங்க, இல்லன்னா ஷார்ட். இன்னும் ஆசையா இருந்தா பின்னாடி கோச்சோட சக்கரத்துல இருந்தும் ரெண்டு மெல்லிசு ஒயர் இஞ்சினுக்கு கொண்டு வந்துடலாம், எப்படியும் அத கழட்டப் போறதில்லயே.

என்னிக்காவது சிடி மோட்டார் போட்டா நான் சொன்ன 33 ஓம்ம மறந்துடுங்க. கிளம்பறப்ப மோட்டார் அதிக கரண்ட் கேக்கும், அப்பதான் ரெசிஸ்டரும் அதிகமா முழுங்கும், வண்டி திணறும். அதுக்கு பதிலா குட்டி பிரிட்ஜ் ரெக்டிஃபையர் எடுத்து ப்ளஸ்ஸையும் மைனஸ்ஸையும் ஒண்ணா சேத்து சால்டர் பண்ணி, ஏசி கால் ரெண்டையும் மோட்டாரோட சீரிஸ்ல வைங்க. முன்னாடி போனாலும் பின்னாடி போனாலும் ஒண்ணுக்கு 1.4 வோல்ட் குறையும், கரண்ட் எவ்வளவு எடுத்தாலும் ஏறக்குறைய அதே 1.4தான். நாலு போட்டா 5.6. ரெகுலேட்டர பாதி திருகற வரைக்கும் நகராது, அது ஒண்ணுதான் தொல்ல.

ஓ.டி. பாசஞ்சர்:

லாஸ்பேட்டை தம்பி, இப்ப சொன்னது நூத்துக்கு நூறு. ஆனா இவர்கிட்ட இருக்கறதே ஒரு இஞ்சின், ஒரு இஞ்சினுக்காக வண்டிக்குள்ள நாலு ரெக்டிஃபையர் எதுக்கு, வெளிய கன்ட்ரோலர்ல வோல்ட்ட குறைச்சா போச்சு.

12வோல்ட்:

குறைச்சா துரு தண்டவாளத்துல அஞ்சு வோல்ட் தாண்டுமா அண்ணே? 12 அனுப்பி வண்டிக்குள்ள குறைக்கறதுதான் நல்லது, அழுக்க தள்ளிட்டு போகும்.

ஓ.டி. பாசஞ்சர்:

தண்டவாளத்த தேய்க்க சொன்னேனே.

உப்புக்காத்து:

ரெண்டு பேரும் சண்ட போடாதீங்க, தண்டவாளத்த பெரியம்மாவே ரப்பர் வாங்கி தேய்ச்சு முடிச்சிட்டாங்க, புளி பரிகாரம்.

பட்டை வெச்சாச்சு. ரிலே எங்க வீட்டு பழைய ஸ்டெபிலைசர்ல இருந்து. நாலு பட்டைல ஒண்ணு அழுத்தமா வெச்சுட்டேன், சக்கரம் சுத்தாம இழுபட்டுச்சு, வளைச்சு சரி பண்ணேன். அப்புறம் இஞ்சின் ரொம்ப லேசா இருக்குன்னு தேங்காய்த்திட்டு ஹார்பர்ல வலைக்கு கட்டற ஈயக்குண்டு வாங்கி தட்டி தட்டையாக்கி மோட்டார் போகிக்கு மேல வர்ற மாதிரி வெச்சேன், ஈயம் தொட்டா கைய சோப்பு போட்டு கழுவுன்னு பொண்ணு பின்னாடியே நின்னா.

இப்ப ஒரு மீட்டருக்கு ஒம்பது செகண்ட். கணக்கு போட்டேன், 35 கி.மீ. நிக்கவே இல்ல. ரெண்டரை செகண்ட் ஒம்பது ஆனதுக்கு மோட்டார்ல நான் ஒண்ணுமே மாத்தல, பட்டையும் ஈயமும்தான்.

பெரியப்பாகிட்ட சிடி மோட்டார் போட்டா இந்த சத்தமே வராதுன்னு சொல்லி பாத்தேன். "சத்தம் வரலன்னா அது என் வண்டி இல்லடா, பக்கத்து வீட்டு வண்டி"ன்னுட்டார். அதனால அந்த பேச்சு முடிஞ்சுது.

இப்ப ஒரே கேள்வி பாக்கி. ரப்பர் டயர் ரெண்டும் காஞ்சு வெடிச்சிருக்கு, மூணு கோச் மாட்டினா வளைவுல சக்கரம் சும்மா சுத்துது. சைக்கிள் வால்வ் ட்யூப வெட்டி மாட்டினேன், ரொம்ப இழுபட்டு மெல்லிசாகி ரெண்டாவது நாளே கழண்டு பல்சக்கரத்துல சுத்திக்கிச்சு. என்ன போடலாம்?

ஓ.டி. பாசஞ்சர்:

வால்வ் ட்யூப் ஆகாது, நானும் பட்டிருக்கேன். சக்கரத்துல டயர் உக்கார்ற பள்ளத்தோட விட்டம், அகலம், ஆழம் மூணும் வெர்னியர்ல எடுத்து போடுங்க. அந்த விட்டத்தவிட ஒரு பத்து பர்சன்ட் சின்னதா வாங்கணும், இறுக்கமா நிக்கும். ஓ-ரிங் வாங்கினா உருண்டையா மேடு தட்டி நிக்கும், வண்டி நொண்டும், தட்டை ரப்பர்தான் வேணும். ஆன்லைன்ல லீமா டயர்னே பத்து பத்தா விக்கறாங்க, அளவ பாத்து வாங்குங்க, பேர பாத்து வாங்காதீங்க. மாட்டறதுக்கு முன்னாடி பள்ளத்துல இருக்கற தேங்கா எண்ணெய தொடைச்சிட்டீங்களா?

உப்புக்காத்து:

தொடைக்கலண்ணே 🙈 இப்ப போய் தொடைக்கறேன். அளவு நாளைக்கு.